மலச் சாம்பிளில் நானோ சென்சார்: எங்கே சறுக்குகிறது?

குடல் நுண்ணுயிர்களை நானோ பயோசென்சாரால், அதாவது நானோ துகள்களைக் கொண்டு உயிர் மூலக்கூறுகளைக் கண்டறியும் கருவியால், அளக்கும் ஆய்வுகளில் அடிக்கடி ஒரே வரைபடம்தான் வரும். சுத்தமான பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் வைத்திருக்கும் உப்புக் கரைசல்) இலக்கு மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள், சிக்னல் நேர்கோடாக ஏறும், கண்டறியும் எல்லை இவ்வளவு குறைவு என்று பெருமையாக எழுதுவார்கள். அந்த எண் பஃபருக்குத்தான் செல்லும். பித்த உப்பும் மியூசின் என்ற சளிப்பொருளும் புரதமும் பழுப்பு நிறமியும் கலந்த மலக் கரைசலுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே.

தங்க நானோ துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சிட்ரேட் போட்டுத் தயாரித்த 13 நானோமீட்டர் துகள் தண்ணீரில் அழகான சிவப்பாக இருக்கும், ஏறக்குறைய 520 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால் நீலமாகும். நிறம் மாறினால் இலக்கு இருக்கிறது என்று சொல்லும் சென்சார்கள் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் துகள்களைப் பிரித்து வைத்திருப்பது அவற்றின் மேலுள்ள எதிர்மின்சுமை. மலத்திலுள்ள உப்பு அதை மட்டுப்படுத்தினாலே போதும், இலக்கே இல்லாமல் நீலமாகிவிடும். தலைகீழாகவும் நடக்கும்: புரதங்கள் துகளைச் சுற்றிப் படிந்து ஒட்டவிடாமல் செய்துவிட்டால், இலக்கு நிறைய இருந்தும் சிவப்பு மாறாது. சரி, என்ன செய்வது? தெரிந்த அளவு இலக்கை அந்த மலக் கரைசலிலேயே சேர்த்துச் சேர்த்து அளவுக்கோட்டை வரையுங்கள். இலக்கைப் பிடிக்கத் துகளின் மேல் பூசுவது ஆப்டமர் என்ற குட்டி டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை. அதன் வரிசையைக் கலைத்து, இலக்கைப் பிடிக்காதபடி செய்து பூசிய துகள்களையும் கூடவே ஓட்டிப் பாருங்கள். அதுவும் நீலமானால் நீங்கள் பார்த்தது பிணைப்பே அல்ல.

ஆப்டமர் தங்கத்தில் நிற்பது பெரும்பாலும் கந்தகப் பிணைப்பால். குடலிலோ டீசல்ஃபோவிப்ரியோ மாதிரி பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்கின்றன, அது அதே தங்கப் பரப்புக்குப் போட்டி போடும். காலையில் நன்றாக வேலை செய்த எலக்ட்ரோடு மாலையில் சோர்ந்துபோனால் இதையும் சந்தேகப்படுங்கள்.

இரும்பு ஆக்சைடு நானோ துகள் பெராக்சிடேஸ் நொதி போல நடந்துகொள்ளும், அதாவது ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தால் நிறமற்ற பொருளை நிறமாக்கும் என்று 2007-இல் சீன ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து அந்த வகை சென்சார்கள் நிறைய வந்துவிட்டன. அவை அமிலத்தில்தான், அதாவது பி.எச். 4-ஐ ஒட்டித்தான், நன்றாக வேலை செய்யும். அதற்காகச் சாம்பிளை அமிலமாக்கினால் பித்த அமிலங்கள் வீழ்படிவாகிக் கலங்கல் வரும், அந்தக் கலங்கலையும் கருவி நிறமாகவே படிக்கும். இதில் ஒரு வேடிக்கை: அதற்கு வழக்கமாக ஊற்றுவது அசிட்டேட் பஃபர். அளக்க வந்தது குடல் பாக்டீரியா தயாரிக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்றால் அவற்றில் முதலிடம் அசிட்டேட்டுக்குத்தான்!

சென்சார் சரியாகவே அளந்தாலும் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பெருங்குடலில் உருவாகும் பியூட்டிரேட், புரோப்பியோனேட் போன்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். மலத்தில் கிடைப்பது மிச்சம். அதனால் மலத்தில் பியூட்டிரேட் குறைவு என்றவுடன் பாக்டீரியா குறைவாகத் தயாரிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். உணவு மெதுவாக நகர்ந்து உறிஞ்சக் கூடுதல் நேரம் கிடைத்திருந்தாலும் அப்படித்தான் வரும். ஈர எடைக்குக் கணக்கிட்டால் இன்னும் குழப்பம், தண்ணீராகப் போன ஒருவரும் மலச்சிக்கல்காரரும் ஒரே அட்டவணையில் நிற்பார்கள். உலர் எடையையும் போடுங்கள்.

பாக்டீரியாவையே பிடிக்கும் சென்சாரில் வேறு சிக்கல். ஆன்டிபாடியும் டி.என்.ஏ. துணுக்கும் உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துப் பார்க்காது. பாக்டீரியாவை அடையாளம் காணப் பயன்படும் 16எஸ் மரபணுவை எண்ணினால், அது ஒரு பாக்டீரியாவில் 1 இருக்கலாம், இன்னொன்றில் 10-க்கு மேலும் இருக்கலாம், ஆகவே பிரதி எண்ணிக்கை செல் எண்ணிக்கை ஆகாது. உயிருள்ளவைதான் வேண்டும் என்றால் சாம்பிளை எடுத்த விதமே முக்கியம்: ஃபீக்கலிபாக்டீரியம் பிராஸ்னிட்ஸியை மாதிரி காற்று ஆகாதவை வெளியே வந்த சில நிமிடங்களில் போய்விடும். அப்புறம், வளரும் பாக்டீரியாவைக் கவனிக்க வெள்ளி நானோ துகளைப் போடாதீர்கள். வெள்ளி கிருமிநாசினி, அளக்க வந்ததையே கொன்றுவிடும்.

மலத்தைத் தொடாமலே அளக்கும் வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு 2018-இல் மனிதர்களிடம் சோதித்து வெளியிட்ட விழுங்கும் கேப்சூல், குடலுக்குள் போகும் வழியிலேயே ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு வாயுக்களை அளந்தது. வாயுவை மட்டும் விடும் சவ்வுக்குப் பின்னால் சென்சார் இருப்பதால் மேலே சொன்ன படிவுத் தொல்லை பாதி குறைகிறது. ஆனால் வாயுவைப் பார்த்து அதைத் தயாரித்த பாக்டீரியாவின் பெயரைச் சொல்ல முடியாது.

ரத்தத்திலோ சிறுநீரிலோ டிஎம்ஏஓ (டிரைமெத்திலமைன் ஆக்சைடு) அளப்பவர்கள் முந்தைய நாள் சாப்பாட்டைக் கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோலினிலிருந்தும் கார்னிட்டினிலிருந்தும் பாக்டீரியா டிஎம்ஏ (டிரைமெத்திலமைன்) தயாரிக்கும், கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்கும், அது உண்மைதான். ஆனால் கடல் மீனில் டிஎம்ஏஓ நேரடியாகவே இருக்கிறது. மீன் குழம்பு சாப்பிட்டு வந்தவரின் எண் எகிறினால் பழியைக் குடல் பாக்டீரியா மேல் போட முடியாது.