9எஃப் மாடல்ல எல்லாரும் கோட்டை விடுற இடங்கள்

பிரிட்டிஷ் ரயில்வேஸோட 9எஃப் நீராவி கூட்ஸ் இன்ஜின் 1954-லேர்ந்து 1960 வரைக்கும் 251 கட்டினாங்க, எல்லாம் ஒரே டிசைன்தானேன்னு பொம்மை ரயில் மாடல்ல நம்பரை மட்டும் மாத்தி ஒட்டிடுறோம் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. 92020-லேர்ந்து 92029 வரைக்கும் கிராஸ்டிங்கிற தனி டிசைன் பாய்லர், மூஞ்சியே வேற, சாதா மாடல்ல அந்த நம்பர் போட்டா விவரம் தெரிஞ்சவன் சிரிப்பான். கன்செட் ஸ்டீல் ஆலைக்கு இரும்புத்தாது இழுத்த டைன் டாக் ஷெட் இன்ஜின் பத்துலயும் வேகன் கதவைத் திறக்க பக்கவாட்டுல ஏர் பம்ப் இருக்கும், பம்ப் இல்லாம 92060 கிடையாது. சிம்னியும் அப்படித்தான், 92183-லேர்ந்து வந்ததெல்லாம் டபுள், அதுக்கு முன்னாடி பெரும்பாலும் சிங்கிள். அதனால மொதல்ல ஒரு நம்பர், ஒரு வருஷம், அதோட ஒரு போட்டோ, அப்புறம்தான் காசை வெளிய எடுக்கணும்.

வருஷம் ஏன்னா, டெண்டர்ல, அதாவது இன்ஜினுக்குப் பின்னாடி கரியும் தண்ணியும் ஏத்துற வண்டியில, ஒட்டுற பிரிட்டிஷ் ரயில்வேஸ் சிங்க முத்திரை. 1956-க்கு முன்னாடி சக்கரத்து மேல நிக்கிற பழைய சிங்கம், அப்புறம் கிரீடத்துலேர்ந்து எழும்புற புது சிங்கம். அந்தப் புதுசுலயும் ஒரு கூத்து இருக்கு, ரெண்டு பக்கமும் இன்ஜின் போற திசையைப் பார்க்கட்டும்னு ஒரு பக்கம் சிங்கத்தை வலதுபக்கம் திருப்பி வச்சாங்க, அது அரச முத்திரைகளுக்கான விதிமுறைக்கு ஒத்து வராதுன்னு பிறகு மாத்திட்டாங்க, 1960-க்கு அப்புறம் பெயின்ட் ஆன இன்ஜின்ல வலது பார்த்த சிங்கம் போடாதீங்க.

பச்சை கலர் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனா 1960 மார்ச்ல ஸ்விண்டன்ல வெளிய வந்த கடைசி இன்ஜின் 92220 ஈவ்னிங் ஸ்டாருக்கு மட்டும்தான் பச்சையும் செம்பு மூடி சிம்னியும், மத்ததெல்லாம் கோடு கூட இல்லாத கருப்பு.

அந்தக் கருப்பையும் டப்பாவுல இருக்கற சுத்தக் கருப்பா அடிச்சா பொம்மை மாதிரி தெரியும், கொஞ்சம் சாம்பல் கலந்துக்கோங்க. அழுக்கு பண்றோம்னு சக்கரங்களை இணைக்கிற ராடு, நீராவி வால்வை இயக்குற வால்வ் கியர்ல துரு கலர் பூசுறாங்க, ஓடுற இன்ஜின்ல அது ஆயில்ல ஊறிக் கிடக்கும்ங்க, துரு ஏறினா அது காயலான் கடைக்குப் போன வண்டி. பிரேக் தூசி பழுப்பு சக்கரத்துக்கிட்ட, கரி மேல, பாய்லர்ல வெள்ளையா உப்பு வழிஞ்ச தடம், இவ்ளோ போதும்.

நடு சக்கரத்துல ஃபிளாஞ்ச், அதான் தண்டவாளத்தை விட்டு நழுவாம பிடிக்கிற விளிம்பு, இல்லையேன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, நிஜ இன்ஜின்லயே கிடையாது, அவ்ளோ நீளம் வளைவுல திரும்பணும்ல. அதே வளைவுதான் இன்னொரு பிரச்சனை, பையில தனியா குடுக்குற சிலிண்டர் டிரெயின் பைப்பை (சிலிண்டர்ல தேங்குற தண்ணியை வெளியேத்துற குழாய்) ஒட்டிட்டு ஓஓ ஸ்கேல்ல (நிஜத்துல 76-ல ஒரு பங்கு அளவு) 438 மில்லிமீட்டர் ரேடியஸ்ல ஓட்டினா முன் சக்கரம் அதுல இடிச்சு தடம் புரளும், ஓட்டணும்னா பைப் வேண்டாம், ஷெல்ஃபுல வைக்கத்தான்னா தாராளமா ஒட்டுங்க.

மாடலுக்கு ஆயில் ஊசி முனையில ஒரு சொட்டு, கியர்லயும் அச்சுலயும் மட்டும், மோட்டாருக்கு கரண்ட் குடுக்குற கார்பன் பிரஷ் பக்கம் போகவே போகாதீங்க.