நெருங்கிய உறவுகள் பற்றி முதல் ஆய்வு: உசிலம்பட்டி பஸ்ஸிலிருந்து தொடங்கலாம்

பி.எஸ்சி. உளவியல் கடைசி வருடப் புராஜெக்ட் என்றதும் பாதிப் பேர் "காதலும் மனநலமும்" என்று ஒரு தலைப்பைத் தூக்கிக்கொண்டு கைடிடம் போய் நிற்பார்கள். நானும் நின்றேன். "இதை வைத்து பிஎச்.டி.யே பண்ணலாமேம்மா, மூன்று மாதத்தில் நீ எதை முடிப்பாய்?" என்று மேடம் கேட்டார்கள். பதில் இல்லை.

அதனால் முதல் வேலை, கேள்வியைச் சின்னதாக்குவது. நெருங்கிய உறவு என்றால் காதலர்கள் மட்டும் இல்லை; நட்பு, அக்கா தங்கை, கணவன் மனைவி எல்லாம் அதில் சேர்த்திதான். எனக்குக் கேள்வி பஸ்ஸில் கிடைத்தது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும் தோழிகள் ஒரு பக்கம், விடுதியில் ஒரே அறையில் இருக்கும் தோழிகள் இன்னொரு பக்கம். யாருக்கு நெருக்கம் அதிகம்? அவ்வளவுதான் ஆய்வு.

அப்புறம், முன்னால் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று படியுங்கள். என் கேள்விக்கு 1950-இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் மூவரும் வெளியிட்ட ஆய்வு வசமாகச் சிக்கியது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர் குடியிருப்பில், அடுத்தடுத்த வீட்டுக்காரர்களே அதிகம் நண்பர்களானார்கள். கீழ்த்தளத்தில் மாடிப்படி பக்கம் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடிச் சிநேகிதமும் கூடுதல். காதல்தான் வேண்டும் என்பவர்கள், நெருக்கம், வேட்கை, பிணைப்பு மூன்றும் சேர்ந்ததே காதல் என்னும் ஸ்டெர்ன்பெர்கின் முக்கோணக் கோட்பாட்டிலிருந்து (1986) தொடங்கலாம்.

அளவுகோலை நீங்களே உருவாக்காதீர்கள், அது தனி வேலை. ஆரோன் தம்பதியும் ஸ்மோலனும் 1992-இல் கொடுத்த வட்டப் படம் எனக்குப் பிடித்தது. ஏழு ஜோடி வட்டங்கள். ஒரு வட்டம் நான், மற்றது அவள். முதல் படத்தில் இரண்டும் ஒட்டி மட்டும் நிற்கும், ஏழாவதில் ஏறக்குறைய ஒன்றுக்குள் ஒன்று. எது நீங்கள் இருவரும் என்று கேட்டால் போதும், மொழிபெயர்ப்புத் தொல்லை குறைவு.

உறவில் எவ்வளவு திருப்தி என்று அளக்கும் ஹெண்ட்ரிக்கின் 1988 அளவுகோலைப் போல, கேள்விகள் உள்ளதை எடுத்தால் அந்தத் தொல்லை உண்டு. ஏழே கேள்வி, 1 முதல் 5 வரை மதிப்பெண். 4-ஆம், 7-ஆம் கேள்விகள் எதிர்த்திசையில் போவதால், அதாவது அங்கே மதிப்பெண் கூடினால் திருப்தி குறைவு என்பதால், அவற்றின் மதிப்பெண்ணை 6-இலிருந்து கழித்து எழுத வேண்டும் (இதை மறந்துவிட்டு எத்தனை பேர் கூட்டியிருக்கிறார்கள்!). அதைத் தமிழாக்கி, "உங்கள் உறவில் எவ்வளவு பிரச்சினைகள் உள்ளன?" என்று எழுதி நாலைந்து பேரிடம் வெள்ளோட்டம் விட்டேன். ஒரு பெண் எண்ணை வட்டமிடாமல் ஓரத்தில் எழுதியிருந்தாள்: "சித்தப்பா வீட்டோட பேச்சு இல்ல, நிலத் தகராறு." நமக்கு உறவு என்றால் சொந்தபந்தம்தானே! "உங்களுக்கும் உங்கள் தோழிக்கும் இடையே" என்று மாற்றினேன். மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள், இப்படிப்பட்ட ஓட்டையெல்லாம் அதில் வெளியே வரும்.

ஒப்புதல் படிவம் கட்டாயம். விருப்பமில்லையென்றால் பாதியில் விலகலாம் என்று அதில் இருக்கட்டும், பெயர் கேட்காதீர்கள். முதலாம் ஆண்டில் 17 வயதுக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

தாள் கொடுப்பதில்தான் நான் சொதப்பினேன். விடுதி அறைக்கே போய்க் கொடுத்தேன், அறைத்தோழிகள் ஒரே கட்டிலில் உட்கார்ந்து நிரப்பினார்கள், எல்லாம் 7. பக்கத்தில் அவளே எட்டிப் பார்க்கும்போது யார் 3-ஐத் தொடுவார்கள்? அத்தனையும் குப்பைக்குப் போயிற்று. தனித்தனியாக, ஒட்டிய உறையில் வாங்குங்கள். ஒரு ஜோடியில் ஒருவரை மட்டும் எடுங்கள். இருவரின் பதிலும் ஒன்றையொன்று சார்ந்தது, இரண்டு பேர் என்று எண்ணக் கூடாது.

கணக்குக்கு ஜமோவி என்ற புள்ளியியல் மென்பொருள் போதும், இலவசம். இரண்டு குழுக்களை ஒப்பிட, மதிப்பெண்களை வரிசைப்படுத்திப் பார்க்கும் மான்-விட்னி சோதனை.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வந்த கேள்வி: "பஸ் தோழிகள் ஊரிலேயே ஒன்றாகப் படித்தவர்கள் என்றால், நெருக்கம் பஸ்ஸால் வந்ததா, பழக்கத்தால் வந்ததா?" நான் கேட்டு வைக்கவில்லை. உங்கள் தாளில் வட்டங்களுக்கு மேலே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இவரை எத்தனை வருடமாகத் தெரியும்?