வெண்புள்ளிக்கான ஒளிச் சிகிச்சைகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வெண்புள்ளி என்று தோல் மருத்துவர் உறுதி செய்யும் அன்றே பெரும்பாலும் "லைட் கொடுத்துப் பார்க்கலாம்" என்ற பேச்சும் வந்துவிடும். எந்த லைட், வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மாதம், எந்த இடத்தில் பலிக்கும், எந்த இடத்தில் பலிக்காது என்பதையெல்லாம் கேட்டுத் தெளிவதற்குள் அடுத்த நோயாளியை உள்ளே அழைத்துவிடுவார்கள். பதினொரு ஆண்டுகளாக வெண்புள்ளியுடன் வாழ்பவன், இரண்டு முறை நீண்ட ஒளிச் சிகிச்சை எடுத்துக்கொண்டவன் என்ற முறையில், முதன்முறையாகத் தொடங்குபவர்கள் மருத்துவரிடம் விவரத்தோடு பேச உதவும் வகையில் இதை எழுதுகிறேன். இது தொற்றும் நோய் அல்ல. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதால், "வெண்குஷ்டம்" என்ற பழைய பெயரை வீட்டில் எவரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

படி 1: திட்டுகளை அளந்து, முடியின் நிறத்தைப் பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் திட்டுகள் இருக்கும் இடங்களை எழுதுங்கள். விரல்களோடு சேர்ந்த உங்கள் உள்ளங்கையின் பரப்பு, உங்கள் உடலின் மொத்தத் தோல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். திட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தால் எத்தனை உள்ளங்கை வரும் என்று கணக்கிடுங்கள். பத்து உள்ளங்கைக்கு மேலா, கீழா என்பதைப் பொறுத்தே பின்னால் வரும் தேர்வுகள் மாறும்.

அடுத்து, நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, ஒவ்வொரு திட்டின் மேலும் உள்ள முடியைப் பாருங்கள். முடி கறுப்பாகவே இருந்தால் அது நல்ல செய்தி. முடியும் வெளுத்திருந்தால் அந்த இடத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முடியே முளைக்காத விரல் நுனி, உதடு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள்.

கடந்த சில மாதங்களில் திட்டுகள் பரவுகின்றனவா என்பதையும், பாவாடை நாடா, கைக்கடிகாரப் பட்டை, செருப்பு வார் உரசும் இடங்களில் புதிதாக வெளுத்திருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் மட்டும் வெளுத்திருக்கும் பெண்கள் ஸ்டிக்கர் பொட்டை உடனே நிறுத்திவிட்டு, அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பொட்டின் பசையில் இருக்கும் ஒருவகை ஃபீனால் வேதிப்பொருளே நிறமிச் செல்களை அழிக்கக்கூடியது. காரணம் தொடர்ந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது எந்த ஒளியும் பயன் தராது.

படி 2: ஒளி தோலில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெண்புள்ளியில் உடலின் எதிர்ப்பு சக்தியே நிறமிச் செல்களைத் தாக்கி அழிக்கிறது. சரியான அளவில் படும் புற ஊதா ஒளி இரண்டு வேலைகளைச் செய்கிறது: தாக்கும் செல்களை அந்த இடத்தில் அடக்குகிறது; மயிர்க்காலின் ஆழத்தில் ஒளிந்து தப்பித்த நிறமி மூலச்செல்களைத் தூண்டி மேலே வர வைக்கிறது. முடி வெளுத்துவிட்டால் அந்த இருப்பும் தீர்ந்துவிட்டது என்று பொருள். முடியின் நிறத்தை முதல் படியிலேயே பார்க்கச் சொன்னது இதனால்தான்.

என் முழங்காலில் இதைக் கண்ணாரப் பார்த்தேன். ஏறத்தாழ இருபதாவது சிட்டிங்கின்போது (ஒருமுறை போய் ஒளி எடுத்துவருவதை அப்படித்தான் சொல்வார்கள்), வெள்ளைத் திட்டின் நடுவில் கடுகைவிடச் சிறிய ஐந்தாறு பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தன. ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு கறுப்பு முடி இருந்தது. அடுத்த சில வாரங்களில் அவை பெருகி, விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்தன. விரல் நுனிகளில் அப்படி ஒரு புள்ளிகூட வரவில்லை.

படி 3: முறைகளை ஒப்பிடுங்கள்

*புவா, புவாசோல்.* சோராலென் என்னும் மருந்தை உட்கொண்டோ பூசியோ, அதன்பின் யுவிஏ என்னும் ஒருவகைப் புற ஊதா ஒளி படச் செய்வது புவா. இயந்திரத்துக்குப் பதிலாக வெயிலைப் பயன்படுத்துவது புவாசோல். நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசி என்னும் மூலிகை விதையில் இருப்பதும் சோராலெனே. 1940களில் கெய்ரோவில் எல் மோஃப்தி என்ற மருத்துவர் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்த இதே வகைப் பொருளைக் கொண்டு நவீன சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். செலவு குறைவு, இயந்திரம் தேவையில்லை என்பதால் புவாசோல் இன்றும் இந்தியாவில் வழக்கில் இருக்கிறது.

ஆனால் குறைகள் கனமானவை. மாத்திரை குமட்டும், உட்கொண்டதிலிருந்து 24 மணி நேரம் யுவிஏவைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஆகாது, நீண்ட காலப் பயன்பாட்டில் தோல் புற்றுநோய் அபாயம் கூடும். வெயிலின் அளவை எவராலும் எண்ணிக் கொடுக்க முடியாது. சித்திரை மாதத்துப் பத்து மணி வெயிலும் மார்கழி மாதத்துப் பத்து மணி வெயிலும் ஒன்றல்ல. கல்லூரி நாட்களில், கடையொன்றில் அரைத்துக் கொடுத்த பூச்சைக் கணுக்காலில் தடவி இருபது நிமிடம் மொட்டை மாடியில் நின்றேன். மறுநாள் எலுமிச்சை அளவுக்குக் கொப்புளங்கள் எழுந்தன. அவை ஆறிய பிறகு, புண்பட்ட இடத்தைச் சுற்றிப் புதிதாகவும் வெளுத்தது. பூச்சு மருந்தானாலும், மருத்துவர் நீர்த்துக் கொடுத்த அளவிலும் அவர் சொன்ன நிமிடக் கணக்கிலும் மட்டுமே பயன்படுத்துங்கள்.

*நேரோபேண்ட் யுவிபி.* 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய குறுகிய பட்டைப் புற ஊதா ஒளியை மட்டும் வெளியிடும் விளக்குகள் உள்ள பெட்டிக்குள் நிற்பது இது. மாத்திரை இல்லை, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். 1997இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நான்கு மாத முடிவை வெளியிட்டபோது, இம்முறையில் 67 சதவீதம் பேருக்கும், பூச்சு மருந்துடனான புவாவில் 46 சதவீதம் பேருக்கும் நிறம் திரும்பியிருந்தது. 2007இல் வெளியான லண்டன் ஆய்வில், மாத்திரையுடனான புவாவோடு ஒப்பிட்டார்கள். பாதிக்கு மேல் முன்னேற்றம் கண்டவர்கள் நேரோபேண்டில் 64 சதவீதம், புவாவில் 36 சதவீதம். திரும்பிய நிறம் சுற்றுத் தோலோடு ஒத்துப்போவதிலும் நேரோபேண்டே சிறந்து நின்றது. மாநிறத் தோலில் இது சிறிய விஷயமல்ல, ஏனெனில் புவாவில் வரும் நிறம் பல வேளைகளில் சுற்றுத் தோலைவிடக் கறுத்துவிடுகிறது.

பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான தொகுப்பாய்வு இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் காட்டியது. முக்கால் பங்குக்கு மேல் நிறம் திரும்பியவர்கள் முகம், கழுத்தில் ஏறத்தாழ 44 சதவீதம், உடற்பகுதியில் 26, கை கால்களில் 17, கை கால் முனைகளில் ஒருவரும் இல்லை. அதே ஆய்வின்படி, இத்தகைய பெரிய பலனைக் கண்டவர்கள் ஆறு மாதத்தில் 19 சதவீதமாகவும், ஓராண்டில் 36 சதவீதமாகவும் இருந்தார்கள். ஆறாவது மாதத்தில் மனம் சோர்ந்து நிறுத்துபவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லும்.

*எக்ஸைமர்.* 308 நானோமீட்டர் ஒளியைத் திட்டின் மேல் மட்டும் பாய்ச்சும் லேசர் அல்லது விளக்கு. நல்ல தோலில் ஒளி படாததால் சுற்றுப்புறம் கறுப்பதில்லை. பலனும் சற்று விரைவாகத் தெரியத் தொடங்கும். மூன்று நான்கு சிறு திட்டுகள், குறிப்பாக முகத்தில் இருப்பவர்களுக்கு ஏற்றது. பத்து உள்ளங்கைக்கு மேல் பரவியிருந்தால் நேரமும் செலவும் கட்டுப்படியாகாது. உடல் முழுதும் பரவுவதை இது தடுக்கவும் தடுக்காது.

*வீட்டுக் கைக்கருவி.* சிறிய நேரோபேண்ட் விளக்கைத் திட்டின் மேல் வைத்து எடுப்பது. பிரிட்டனில் 517 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. ஒன்பது மாத முடிவில் ஸ்டீராய்டு களிம்பு மட்டும் பூசியவர்களில் 17 சதவீதமும், கைக்கருவி மட்டும் பயன்படுத்தியவர்களில் 22 சதவீதமும், இரண்டையும் சேர்த்தவர்களில் 27 சதவீதமும் நல்ல பலன் கண்டதாகக் கூறினார்கள். பெரிய எண்கள் அல்ல; ஆனால் மருத்துவமனைக்கு மூன்று பேருந்து மாறிப் போக வேண்டியவர்களுக்கு இது ஒரு வழி. மருத்துவர் அளவு குறித்துக் கொடுக்காமல் இணையத்தில் வாங்கித் தொடங்காதீர்கள்.

படி 4: உங்களுக்குரியதை முடிவு செய்யுங்கள்

பரவலாக இருந்தாலோ, இன்னும் பரவிக்கொண்டிருந்தாலோ நேரோபேண்ட் பெட்டி; பரவும் வேகத்தை அடக்க மருத்துவர் சில மாதங்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ப்பார். சில திட்டுகள் மட்டும் இருந்து, கையில் பணமும் இருந்தால் எக்ஸைமர். முடி வெளுத்த திட்டு ஓராண்டாக மாறாமல் நின்றால், ஒளிக்குச் செலவிடுவதற்கு முன் தோல் ஒட்டு அறுவை பற்றிக் கேளுங்கள். விரல் நுனியும் உதடும் மட்டுமே வெளுத்தவர்களுக்கு, நான் கேட்டவரையில், எந்த ஒளியையும் நம்பிக்கையோடு பரிந்துரைக்க முடியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவரை நம்புங்கள்.

எல்லாவற்றையும்விட, வாரத்துக்கு மூன்று நாள், குறைந்தது இரண்டு நாள், ஓராண்டுக்கு உங்களால் போய்வர முடியுமா என்று கணக்கிடுங்கள். பயணச் செலவையும், இழக்கும் கூலியையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஒரு மாதம் போய் நிறுத்திவிடும் உயர்ந்த சிகிச்சையைவிட, ஓராண்டு விடாமல் எடுக்க முடிகிற எளிய சிகிச்சை மேலானது.

தோல் புற்றுநோய் வந்தவர்களும், லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் ஒரு நோய்) உள்ளவர்களும், வெயில் ஒவ்வாமை தரும் மாத்திரைகளை உண்பவர்களும் அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

படி 5: சிட்டிங் நாளில் செய்ய வேண்டியவை

மஞ்சள், பவுடர், சன்ஸ்கிரீன் எதுவும் இல்லாமல் கழுவிய தோலோடு போங்கள். களிம்புகளை வீடு திரும்பிய பிறகு பூசுங்கள். கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஆண்கள் பிறப்புறுப்பை மூடிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் நில்லுங்கள்.

நேரோபேண்டில் பொதுவாகச் சதுர செ.மீ.க்கு 200 மில்லிஜூலில் (தோலில் படும் ஒளி ஆற்றலின் அளவு) தொடங்கி, ஒவ்வொரு முறையும் 10 முதல் 20 சதவீதம் கூட்டுவார்கள். 10 சதவீதம் என்றால் 200, 220, 242, 266 என்று ஏறும். முகத்துக்கு 1,500, உடலுக்கு 3,000 என்பது வழக்கமான உச்சவரம்பு. விளக்கு சதுர செ.மீ.க்கு 4 மில்லிவாட் கொடுத்தால் 200 மில்லிஜூலுக்கு 50 நொடி ஆகும். விளக்கு பழசாக ஆக அதே அளவுக்கு அதிக நொடி தேவைப்படும். ஆகவே உங்கள் நோட்டில் நொடியை மட்டும் எழுதாமல் மில்லிஜூல் அளவைக் கேட்டு எழுதுங்கள். மருத்துவமனை மாற நேர்ந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும்.

மறுநாள் வெள்ளைத் திட்டைப் பாருங்கள். இளஞ்சிவப்பாகி 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் அளவு சரி. அதற்கு மேலும் நீடித்தால் அளவைக் கூட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். கடுஞ்சிவப்போ, எரிச்சலோ, கொப்புளமோ வந்தால் அடங்கும்வரை சிகிச்சையை நிறுத்த வேண்டும். இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் அளவைக் கால் பங்கும், இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் பாதியும் குறைப்பார்கள். மூன்று வாரத்தைத் தாண்டினால் மீண்டும் 200தான். தீபாவளிக்கு ஊருக்குப் போய்வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் சில வாரங்களில் சுற்றியுள்ள நல்ல தோல் கறுத்து, திட்டு முன்னைவிட வெளுத்துத் தெரியும். வீட்டில் எல்லாரும் "லைட் எடுத்த பிறகு அதிகமாகிவிட்டதே" என்பார்கள். என் தாயார் அழுதே விட்டார். இது பரவல் அல்ல என்பதை, படி 1இல் அளந்து வைத்த குறிப்பைக் காட்டி அவர்களுக்கு விளக்குங்கள்.

படி 6: பலனை மதிப்பிட்டு, படிப்படியாக நிறுத்துங்கள்

மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். 72 சிட்டிங் முடிவதற்குள் பலிக்கவில்லை என்று தீர்மானிக்க வேண்டாம். வாரம் மூன்று என்றால் அது ஏறத்தாழ ஆறு மாதம், இரண்டு என்றால் ஒன்பது மாதம். டாக்ரோலிமஸ் போன்ற, தோலில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் களிம்பைச் சேர்த்துப் பூசினால் முகத்தில் பலன் கூடுகிறது.

நிறம் திரும்பிய பிறகு திடீரென நிறுத்தாதீர்கள். முதல் மாதம் வாரம் இரண்டு, அடுத்த மாதம் வாரம் ஒன்று, பிறகு இரண்டு மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். அப்படியும் பலருக்கு முதல் ஆண்டிலேயே வெளுப்பு திரும்புகிறது. நிறம் வந்த இடத்தில் வாரம் இருமுறை டாக்ரோலிமஸ் பூசியவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத் திட்டுகளும், பூசாதவர்களில் 40 சதவீதத் திட்டுகளும் மீண்டும் வெளுத்ததாக 2015இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. முதல் முறை இதை எனக்கு எவரும் சொல்லவில்லை. எட்டே மாதத்தில் முழங்கால் மீண்டும் வெளுத்தது. இரண்டாம் முறை முடித்து மூன்று ஆண்டுகளாகச் செவ்வாய், வெள்ளி இரவுகளில் அந்தக் களிம்பைப் பூசிவருகிறேன். முழங்காலில் நிறம் நிற்கிறது.