9 மி.மீ. பைப்பில் ஃபில்டரா, அடாப்டரா?

புகையிலை பிடிக்கும் ஜெர்மன் பைப்புகளில் பெரும்பாலும் வாயில் வைக்கும் தண்டுக்குள் 9 மி.மீ. துளை இருக்கும், அதைக் காலியாக விட்டுப் புகைத்தால் உள்ளே நீர் கோத்துக் களகளவென்று சத்தம் வரும். அதனால் ஒன்று ஃபில்டர், இல்லையென்றால் அந்தத் துளையைச் சிறிதாக்கும் அடாப்டர். கரி ஃபில்டரில் ஒரு முனை பீங்கான், மறுமுனை பிளாஸ்டிக் என்றால் பீங்கான் முனைதான் புகையிலைக் கிண்ணத்தின் பக்கம் போக வேண்டும், சூடு தாங்குவது அதுதான். ஒரு தடவை புகைத்ததும் தூக்கிப் போடுங்கள். (ஃபில்டர் போட்டால் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பதெல்லாம் சும்மா கதை.) இத்தாலிய பைப் நிறுவனமான சவினெல்லியின் ஃபில்டர், அதாவது முக்கோணப் பால்சா மரக் கட்டை, ஈரத்தை உறிஞ்சும், இழுப்பும் லேசாக இருக்கும், என் ஓட்டு அதற்குத்தான்.

ஃபில்டரே வேண்டாமா? சரி, நடுவில் சின்னத் துளையுள்ள அடாப்டரைச் செருகுங்கள். அப்புறம் எதுவானாலும் பைப் நன்றாக ஆறிய பிறகே தண்டை மெல்லத் திருகிக் கழற்றுங்கள், சூட்டோடு இழுத்தால் இணைப்பு உடையலாம்.