அது ஹம்மிங்பேர்ட் குஞ்சு இல்லை

வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் கோடை வந்துவிட்டால், தோட்டத்தில் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ஒரு சின்ன உயிரைப் படம் எடுத்து, "ஹம்மிங்பேர்ட் குஞ்சு!" என்று பலர் பூரித்துப் போகிறார்கள். அது ஹம்மிங்பேர்ட் கிளியர்விங் என்ற அந்துப்பூச்சி.

குஞ்சு என்று நினைப்பதுதான் முதல் தவறு. அங்கே வாழும் செங்கழுத்து ஹம்மிங்பேர்டின் குஞ்சு சுமார் மூன்று வாரம் கூட்டிலேயே இருக்கும். வெளியே வரும்போது ஏறக்குறைய தாயின் அளவுக்கு வளர்ந்திருக்கும். தாயின் நீளம் 7 முதல் 9 செ.மீ. அதில் பாதி அளவில் ஒன்று பூ முன்னால் நின்றால், அது பூச்சிதான்.

சத்தத்தை நம்பாதீர்கள், இரண்டுமே ரீங்கரிக்கும். பகலில் வருவதால் அந்துப்பூச்சியாக இருக்காது என்றும் முடிவு கட்டாதீர்கள். இது பகலில் பறக்கிற இனம். தலையைப் பாருங்கள். இரண்டு உணர்கொம்புகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், எந்தப் பறவைக்கும் அவை கிடையாது. பறவையின் அலகு எப்போதும் ஊசி மாதிரி நீட்டியபடி இருக்கும். பூச்சியின் உறிஞ்சுகுழலோ பூவை விட்டதும் சுருண்டுகொள்ளும். கைபேசியில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள், அது சுருளும் அழகே தனி. இறக்கைகள் நடுவில் கண்ணாடி போலிருக்கும். முதல் தடவை பறக்கும்போதே அங்கிருக்கும் செதில்கள் உதிர்ந்துவிடுகின்றன.

ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் கழித்த இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸே, பறவை என்று நினைத்து இதே மாதிரி அந்துப்பூச்சிகளைப் பலமுறை சுட்டிருக்கிறார்.

நம்மூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கிறது. இங்கே நீங்கள் பார்ப்பது தேன்சிட்டாக இருக்கும், இல்லையென்றால் கிளியர்விங்கின் உறவுக்கார அந்துப்பூச்சியாக இருக்கும்.

சரி, பெயரை மாற்றிச் சொன்னால் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அதை அழித்துவிடுகிற தவறு வேறு. கிளியர்விங்கின் புழு ஹனிசக்கிள், வைபர்னம் செடிகளின் இலையைத் தின்னும். பின்பக்கம் கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயந்து நசுக்கிவிடுகிறார்கள். அந்தக் கொம்பு கொட்டாது. அப்புறம், அது கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைத் தரையில் சருகுக்கு அடியில்தான் கழிக்கிறது. இலையுதிர் காலத்தில் சருகை ஒட்ட வாரி மூட்டை கட்டிப் போட்டால், அடுத்த கோடையில் வரவேண்டியவையும் அந்த மூட்டையோடு போய்விடும். அந்தச் செடிகளின் அடியிலாவது சருகை அப்படியே விட்டுவையுங்கள்.