உறுப்பு தான விருப்பத்தை எழுத்தில் பதிவு செய்தல்: பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கான வழிமுறை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பகுதிகளில் வாழ்கிறவர்களுக்கு ரேஷன் அட்டை கேரளத்தில் இருக்கும். அவசர சிகிச்சைக்கோ பலரும் கோயம்புத்தூருக்கே ஓடுவார்கள். ஆகவே உறுப்பு தானத்தை எந்த மாநிலத்தில் பதிவு செய்வது என்ற குழப்பம் இங்கே இயல்பானது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வாளையாறுக்கு இரு புறமும் நடைமுறையில் உள்ளது. ‘நோட்டோ’ எனப்படும் தேசிய உறுப்பு, திசு மாற்று அமைப்பின் பதிவும் நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால், அதிலேயே பதிவு செய்வது எல்லையில் வசிப்பவர்களுக்கு ஏற்றது.

பதினெட்டு வயது நிறைந்த எவரும் ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் பதிவு செய்யலாம். காகிதத்தில் எழுத விரும்புவோருக்கு 2014-ஆம் ஆண்டு விதிகளின் 7-ஆம் படிவம் இருக்கிறது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், கணையம் ஆகிய உறுப்புகளையும், கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு போன்ற திசுக்களையும் தனித்தனியே குறிக்கலாம், அல்லது அனைத்தையும் தருவதாக ஒப்புக்கொள்ளலாம். முத்திரைத்தாளும் நோட்டரியும் தேவையில்லை. ஐயம் இருந்தால் 1800 11 4770 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

கவனம் முழுவதும் சாட்சிக் கையெழுத்தில் இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றும், அவர்களில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரே சட்டத்தின் கண்ணில் நெருங்கிய உறவினர்; தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரை 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் தாய்மாமனுக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அவர் மற்றொரு சாட்சியாகக் கையெழுத்திடலாம். இணையத்தில் பதிந்தாலும், உங்களோடு இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினரைச் சாட்சியாக்குவதைச் சடங்காக எண்ணிவிடக் கூடாது. மூளைச்சாவு என்பதை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரு முறை சோதித்து உறுதி செய்த பிறகு, மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளர் பேசப்போவது குடும்பத்தாரிடம்தான். அந்த நேரத்தில் வென்டிலேட்டரில் மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், உடல் சூடாக இருக்கும். உயிர் போய்விட்டது என்பதையே வீட்டார் நம்ப மறுப்பார்கள். நடைமுறையில் அவர்களுடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மருத்துவமனை எதையும் தொடுவதில்லை. எனவே படிவத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அம்மா விவரம் அறியாமல் போட்ட கையெழுத்து, அந்த நாளில் அவருக்குத் துணை நிற்காது.

சாலை விபத்து போன்ற காவல்துறை வழக்குகளிலும் தானம் செய்யலாம். காவல் நிலையத்துக்கு எழுதிக் கேட்பது மருத்துவமனையின் பொறுப்பு. வீட்டில் இயற்கையாக இறப்பவர்களும் கண்களைத் தரலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், அருகிலுள்ள கண் வங்கியின் எண்ணை முன்கூட்டியே குறித்து வையுங்கள். வங்கியினர் வரும் வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்தால் போதும். முழு உடல் தானம் மருத்துவக் கல்லூரியோடு செய்யும் தனி ஏற்பாடு.

உயிலில் மட்டும் எழுதி வைப்பது பயனற்றது, ஏனெனில் கருமாதி முடிந்த பிறகே பல வீடுகளில் உயிலைப் பிரிக்கிறார்கள். ஒரு நகலைப் பணப்பையிலும், இன்னொன்றைச் சாட்சியாக ஒப்பமிட்ட உறவினரிடமும் வையுங்கள். மனம் மாறினால் பதிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அப்படிச் செய்தால் அந்த நகல்களைக் கிழித்துவிட்டு, சாட்சிகளிடமும் சொல்லிவிடுங்கள்.