மிளகுக்கு ஏணி சாய்க்கும் முன்: ஆயுள், விபத்துக் காப்பீடு போடுவது எப்படி?

திண்டுக்கல் மாவட்ட மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் ஜனவரி பிறந்தால் மிளகுப் பறிப்புதான். காபித் தோட்டத்தில் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஆள் ஏறுவார். பனி காயாத காலையில் மூங்கில் கணு வழுக்கும். விழுந்தவர் இறந்துவிட்டால் ஊர் கூடி ஏதோ ஒரு தொகை திரட்டிக் கொடுத்துவிடும். உயிர் தப்பி, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்துவிட்டால்? முதல் மாதம் வந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர் பாடு, அவர் மனைவி பாடு. கூலி நின்றிருக்கும், செலவு கூடியிருக்கும். அதனால் காப்பீடு என்று பேச்செடுத்தாலே ஊனத்துக்கு என்ன வழி என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இதுவரை ஒரு பாலிசியும் எடுக்காத, தினக்கூலியிலோ சிறு தோட்டத்திலோ பிழைக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

படி 1: ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, மே கடைசி, ஜூன் முதல் வாரத்தில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பிடித்திருந்தால் இரண்டு காப்பீடு உங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. பி.எஃப். பிடிக்கும் எஸ்டேட்டில் வேலை என்றால், வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும் காப்பீடு அதோடு சேர்ந்தே வருகிறது. அதில் நாமினி பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சொந்த பைக்கோ ஜீப்போ இருந்தால், வண்டி இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். வண்டி உங்கள் பெயரிலும் லைசென்ஸ் நடப்பிலும் இருந்தால்தான் அது செல்லும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, போதாதா என்று பலர் கேட்கிறார்கள். அது ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும். வீட்டு அரிசிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

படி 2: வருடத்துக்கு 456 ரூபாய்

பிரதமர் பெயரில் 2015-இல் தொடங்கிய இரண்டு திட்டங்கள் இவை. வங்கியிலோ தபால் அலுவலகத்திலோ சேரலாம்.

சுரக்ஷா பீமா யோஜனா: ஆண்டுக்கு 20 ரூபாய், வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். இரண்டு கண்ணோ, இரண்டு கையோ, இரண்டு காலோ மீள முடியாதபடி போனாலும் 2 லட்சம். ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் என்றால் 1 லட்சம்.

ஜீவன் ஜோதி பீமா யோஜனா: ஆண்டுக்கு 436 ரூபாய், 50 வயதுக்குள் சேர வேண்டும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டும்தான் பணம் உண்டு.

இரண்டுக்கும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. நம் பக்கம் அடிக்கடி கெட்டுப்போவது இங்கேதான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிய மறுநாளே எடுத்துவிடுகிறோம். மே கடைசியில் வங்கி பிடிக்கப் பார்க்கும்போது கணக்கில் நாற்பது ரூபாய் கிடக்கும், காப்பீடு அறுந்துபோகும். மே மாதம் மட்டும் 456 ரூபாயை எடுக்காமல் விடுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் அவரவர் கணக்கில் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் ஒரு காப்பீடுதான், இரண்டு வங்கியில் கட்டுவது வீண்.

படி 3: படுக்கையில் கிடக்கும் மாதங்களுக்கு

கால் முறிந்து நாலு மாதம் வேலைக்குப் போக முடியாதவருக்கு மேலே சொன்ன 20 ரூபாய்த் திட்டம் எதுவும் தராது. மலையில் நடப்பதோ பெரும்பாலும் இந்த மாதிரி விபத்துதான். இதற்கு ‘சரள் சுரக்ஷா பீமா’ என்ற தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கேளுங்கள். 2021 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே மாதிரி விதிகளோடு தரும் பாலிசி இது. இரண்டரை லட்சத்திலிருந்து எடுக்கலாம். ‘தற்காலிக முழு ஊனம்’ என்ற கூடுதல் பிரிவையும் சேர்க்கச் சொல்லி நீங்களாகக் கேட்க வேண்டும். அதைச் சேர்த்தால் வேலை செய்ய முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம், 100 வாரம் வரை. 5 லட்சத்துக்கு எடுத்தவருக்கு வாரம் 1,000 ரூபாய். மரம் ஏறுகிறவர் என்று விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

படி 4: ஆயுள் காப்பீடு

ஆண்டு வருமானத்தைப் பத்தால் பெருக்குங்கள், கடனைக் கூட்டுங்கள். மாதம் 10,000 சம்பாதிப்பவருக்கு 12 லட்சமும் கடனும். இதற்கு டெர்ம் பாலிசி போதும், அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி. ‘சரள் ஜீவன் பீமா’ 5 முதல் 25 லட்சம் வரை கிடைக்கிறது. படிப்பு, தொழில், ஊர் எதையும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பது விதி. முதல் 45 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும் பொருந்தும். கட்டிய பணம் திரும்ப வரும் பாலிசியை ஏஜென்ட் காட்டுவார். அதே பிரீமியத்துக்கு அதில் கிடைக்கும் காப்பீடு மிகக் குறைவு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

பீடி, புகையிலை, சர்க்கரை எதையும் மறைக்காதீர்கள். மூன்று ஆண்டுக்குள் இறப்பு நேர்ந்தால் நிறுவனம் தோண்டித் துருவும்.

படி 5: விழுந்த அன்று

எலும்பு முறிந்தால் நேரே கட்டுப் போடும் வைத்தியரிடம் கூட்டிப்போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆஸ்பத்திரிப் பதிவு இல்லாவிட்டால் காப்பீட்டுப் பணம் கிடைப்பது மிகவும் கஷ்டம். முதலில் வத்தலக்குண்டோ திண்டுக்கல்லோ அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். மரத்திலிருந்து விழுந்தது, பாம்பு கடித்தது போன்றவற்றுக்கு உடனடி ஆஸ்பத்திரிப் பதிவே சான்று. சாலை விபத்துக்குப் போலீஸ் புகாரும் வேண்டும். ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு வாங்கிவிடுங்கள்.

டாக்டர் கேட்டால் “வீட்டில் வழுக்கி விழுந்துட்டேன்” என்று சொல்லாதீர்கள், தோட்டக்காரர் எவ்வளவு கெஞ்சினாலும். காபித் தோட்டத்தில் வேலை செய்யும்போது அடிபட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது சட்ட உரிமை. நிரந்தர முழு ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவார்கள். 35 வயதுக்கு அந்த எண் 197.06. பத்தாயிரம் கூலிக்காரருக்கு 11,82,360 ரூபாய். அந்த ஒரு பொய் இந்தத் தொகையை அழித்துவிடும். தொழிலாளர் துறையில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் அந்த நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்பலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.